குழாயைத் திறந்தால் நுரை

குழாய் பீருக்கு நுரை வேண்டும். கோப்பையின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு அது கட்டியாக நின்றால்தான் மணம் எழும். அந்த அளவைத் தாண்டி, பாதிக் கோப்பை வெறும் நுரையாகவே நிரம்பும்போதுதான் சிக்கல். ஊற்றியதில் பாதியைச் சிங்க்கில் கொட்ட வேண்டியிருக்கும். மிஞ்சிய பீரும் வாயு போய்ச் சப்பென்று இருக்கும்.

அப்படிப் பொங்கியதும் பெரும்பாலோர் முதலில் தொடுவது கேஸ் ரெகுலேட்டரை. அழுத்தத்தைக் குறைத்தால் நுரை குறையும் என்பது பார்வைக்குச் சரியாகப்படும் கணக்கு. ஆனால் நுரைக்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தம் அல்ல, சூடு. மரக்காணம் போன்ற வெயில் கொளுத்தும் கடற்கரையில் இது இன்னும் பொருந்தும். எனவே கோளாறைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு: வெப்பநிலை, அழுத்தம், ஹோஸ், குழாய், பீப்பாய், சுத்தம், கடைசியாகக் கோப்பை. இந்த வரிசையை மாற்றித் தேடுபவர் ஒரு கோளாறைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்வார்.

அமைப்பு

வீட்டில் வைக்கும் குழாய் பீர் அமைப்பில் உறுப்புகள் அதிகம் இல்லை. கெக் எனப்படும் எஃகுப் பீப்பாய் ஒரு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும். வீடுகளில் பரவலாகப் பயன்படுவது சுமார் 19 லிட்டர் கொள்ளும் ஒல்லியான பீப்பாய். முதலில் இது குளிர்பானச் சிரப்பு எடுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும், அதன் தலையில் ரெகுலேட்டரும் இருக்கும். ரெகுலேட்டரிலிருந்து ஒரு ஹோஸ் பீப்பாய்க்குள் வாயுவைக் கொண்டுபோகும். அந்த அழுத்தத்தில் பீர், பீப்பாயின் அடிவரை இறங்கும் எஃகுக் குழலில் ஏறி, இன்னொரு ஹோஸ் வழியாக வெளியே உள்ள குழாய்க்கு வரும். ஃப்ரிட்ஜின் மேல் நிற்கும் தூண் போன்ற பகுதியில் அந்தக் குழாய் பொருத்தப்பட்டிருக்கும்.

எங்கே, யாருக்கு

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்ப்பக்கம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வரும் பாணர்களுக்குப் பரதவர் நாள்பட்ட கள் தெளிவைக் கொடுப்பதாக அந்த நூல் பாடுகிறது. இன்றைய நிலை வேறு. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். புதுச்சேரிக்குத் தனிக் கலால் சட்டம் உண்டு. கேட்டமரான் போன்ற மைக்ரோ புரூவரிகளில் அங்கேயே தயாரித்த பீர் குழாயில் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து ஒரு பீப்பாயை எல்லை தாண்டி மரக்காணத்து வீட்டுக்கு எடுத்துவந்தால் அதுவும் குற்றமே.

ஆகவே வீட்டுக் குழாய் பீர் என்பது, அதைச் சட்டம் அனுமதிக்கும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழும் தமிழர்களின் வீட்டு விஷயம். இந்தக் கடற்கரையில் அது உரிமம் பெற்ற உணவகங்களின் விஷயம். இதே சிலிண்டர், இதே பீப்பாய், இதே குழாயை வைத்து நன்னாரி சோடாவோ பன்னீர் சோடாவோ போடுவதற்கு எங்கும் தடையில்லை. சோடாவில் நுரையைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் இல்லாததால் பொங்கியது உடனே அமுங்கிவிடும். பீரில் பார்லியின் புரதமும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளும் சேர்ந்து குமிழின் சுவரைக் கெட்டியாக்குவதால் நுரை நிற்கிறது. பொங்குவதற்கான காரணங்கள் இரண்டுக்கும் ஒன்றே.

வாயுவின் கணக்கு

ஒரு திரவத்தில் எவ்வளவு வாயு கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. அழுத்தம் கூடினால் அதிகம் கரையும். இதை 1803-இல் வில்லியம் ஹென்றி என்ற ஆங்கில வேதியியலாளர் வகுத்துச் சொன்னார். வெப்பம் கூடினால் குறைவாகக் கரையும்.

சாதாரண லாகர் பீர் ஒரு லிட்டரில் சுமார் இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். எடையில் சொன்னால் லிட்டருக்கு 5 கிராம் அளவு. திறந்த வெளியில், வாயு மண்டல அழுத்தத்தில், 3 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு லிட்டர் நீர் சுமார் ஒன்றரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூடத் தாங்காது. குளிர்ந்த பீர் கோப்பைக்கு வரும்போது அதில் தாங்கும் அளவைவிட ஒரு பங்கு வாயு கூடுதலாக இருக்கிறது. அது நிதானமாக வெளியேறும். வெதுவெதுப்பான பீரில் தாங்கும் அளவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்கிறது, அது பொறுத்திருக்காது.

கூடுதல் வாயு இருந்தால் மட்டும் குமிழ் உண்டாகிவிடாது. குமிழ் பிறப்பதற்கு ஓர் இடம் வேண்டும். உப்பளத்தில் செறிந்த உப்புநீர் நிற்கும் பாத்தியில் ஒரு குச்சியோ ஓலையோ விழுந்தால் உப்பு முதலில் அதைப் பற்றிக்கொண்டு படிவதைப்போல, குமிழும் ஒரு கீறலையோ தூசியையோ அழுக்கையோ பற்றிக்கொண்டுதான் பிறக்கும். குலுக்கலும் அலைச்சலும் அதைத் தூண்டும். எந்த நுரைக் கோளாறானாலும் இந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும்: பீர் தாங்க முடியாத அளவுக்கு வாயு, வழியில் குமிழ் பிறக்க இடம், அல்லது வழியில் அலைச்சல்.

முதலில் தெர்மாமீட்டர்

ஃப்ரிட்ஜின் முகப்பில் 3 என்று எண் ஒளிர்ந்தால் உள்ளே பீர் 3 டிகிரியில் இருக்கிறது என்று பொருளல்ல. அது காற்றின் வெப்பநிலை. 19 லிட்டர் பீரை 30 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு இறக்க, சுமார் 2,150 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அசையாத காற்றுள்ள ஒரு ஃப்ரிட்ஜ் இதைச் செய்து முடிக்க ஏறத்தாழ ஒரு முழு நாள் எடுக்கும். காலையில் வைத்த பீப்பாயை மாலையில் விருந்தினருக்குத் திறந்தால் நுரை வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரியாக அளக்கும் முறை எளிது. ஒரு கோப்பை பீரைப் பிடித்து ஒதுக்கிவிட வேண்டும். உடனே அதே கோப்பையில் இரண்டாவதைப் பிடித்து அதில் தெர்மாமீட்டரை வைக்க வேண்டும். முதல் கோப்பை ஹோஸின் சூட்டையும் கண்ணாடியின் சூட்டையும் வாங்கிக்கொண்டு போய்விடும். இரண்டாவதுதான் பீப்பாயின் உண்மையைச் சொல்லும். அது 3 முதல் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 6, 7 என்று காட்டினால் மற்ற எதையும் தொடாமல் முதலில் குளிரைச் சரிசெய்ய வேண்டும்.

ஃப்ரிட்ஜுக்குள் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம் இருக்கலாம். பீப்பாயின் அடியில் பீர் குளிர்ந்திருக்கும். மேலே சுருட்டி வைத்த ஹோஸில் நிற்பது சூடாகியிருக்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் சிறு மின்விசிறி ஒன்றை உள்ளே ஓடவிட்டால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறையும். கதவின் ரப்பர் தளர்ந்திருந்தாலோ, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சுவரை ஒட்டிக் காற்றோட்டமில்லாமல் இருந்தாலோ, அக்னி நட்சத்திர நாட்களில் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியும் குளிர் எட்டாது. மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதே பாதிக் காப்பு. மின்சாரம் வந்தபின் சில மணி நேரம் பொறுத்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும்.

அழுத்தம்: கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் முன்

பீப்பாய்க்குள் இருக்கும் பீர், தன்னில் கரைந்த வாயுவை அப்படியே வைத்துக்கொள்ள ஓர் அழுத்தம் வேண்டும். அது வெப்பநிலையைப் பொறுத்தது. தன் அளவைப்போல இரண்டரை மடங்கு வாயு உள்ள பீருக்கு 3 டிகிரியில் சுமார் 11 பிஎஸ்ஐ (ரெகுலேட்டர் மானி காட்டும் அழுத்த அலகு), 5 டிகிரியில் 13 பிஎஸ்ஐ, 10 டிகிரியில் 17 அல்லது 18 பிஎஸ்ஐ தேவை. 30 டிகிரியில் இதுவே 38 பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும். குளிர் குறையக் குறைய வாயுவை அடக்கிவைக்கத் தேவையான பலம் எப்படி ஏறுகிறது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

நுரையைக் கண்டு ரெகுலேட்டரை 4 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் என்ன நடக்கும்? பீர் மெதுவாக வரும். முதல் கோப்பை நன்றாகவே அமையும். ஆனால் பீப்பாய்க்குள் இனி வாயுவை அடக்கப் போதிய அழுத்தம் இல்லை. ஹோஸிலேயே வாயு பிரிந்து, மேட்டுப் பகுதிகளில் குமிழ்க் கோர்வையாக நிற்கும். அடுத்த முறை குழாயைத் திறக்கும்போது முதலில் அந்தக் குமிழ்கள் துப்பிக்கொண்டு வரும். இரண்டு மூன்று நாளில் பீப்பாய் முழுதும் வாயு இறங்கி, மேலே நுரையும் கீழே சப்பென்ற பீருமாக வரும். அழுத்தத்தைக் குறைத்ததால் வந்த நுரை இது. இதைக் கண்டு இன்னும் குறைப்பவர்கள் உண்டு.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். ஃப்ரிட்ஜை 0 டிகிரிக்கு அருகில் வைத்து 12 பிஎஸ்ஐயில் விட்டுவிட்டால், சில நாட்களில் பீர் மூன்று மடங்கை ஒட்டி வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். சீக்கிரம் வாயு ஏற்ற வேண்டுமென்று 30 பிஎஸ்ஐ வைத்துப் பீப்பாயை உருட்டிக் குலுக்குவோருக்கும் இதே கதிதான். கூடுதலாக ஏறிய வாயுவை இறக்க, கேஸ் இணைப்பைக் கழற்றி, பீப்பாயின் மூடியில் உள்ள வெளியேற்று வால்வை இழுத்து அழுத்தத்தை விட வேண்டும். சில மணி நேர இடைவெளியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஒன்றிரண்டு நாளில் பீர் பதத்துக்கு வரும்.

ரெகுலேட்டரின் முள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மலிவான மானிகள் இரண்டு மூன்று பிஎஸ்ஐ தவறிக் காட்டும். கடல்மட்டத்திலிருந்து உயரும்போதும் கணக்கு மாறும். மரக்காணத்திலோ புதுச்சேரியிலோ 11 பிஎஸ்ஐ போதும் பீருக்கு, சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் மானியில் ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டி வைக்க வேண்டும். வெளியே காற்றழுத்தம் அங்கே குறைவு என்பதே காரணம். கின்னஸ் போன்ற ஸ்டௌட் வகைகள் வேறு கணக்கு. அவற்றுக்கு நைட்ரஜன் பெரும்பங்கும் கார்பன் டை ஆக்சைடு சிறுபங்குமாகக் கலந்த வாயுவும் அதற்கென்றே செய்த குழாயும் தேவை.

ஹோஸின் நீளம்

பீப்பாயில் 11 பிஎஸ்ஐ இருக்கிறது; குழாய்க்கு வெளியே அது பூஜ்யம். இந்த வீழ்ச்சி ஒரே இடத்தில் சட்டென்று நடந்தால் பீர் பீய்ச்சியடித்து நுரைக்கும். ஹோஸின் உள்சுவரில் உராய்ந்து உராய்ந்து, வழிநெடுக மெல்ல மெல்ல அழுத்தம் இறங்க வேண்டும். குழாய்க்கு வந்து சேரும்போது ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மிஞ்சினால் போதும்.

வீட்டு அமைப்பை விலைக்கு வாங்கும்போது பெட்டியோடு வரும் ஹோஸ் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். உள்விட்டம் 4.8 மில்லிமீட்டர் உள்ள ஹோஸ் என்றால் பலருக்கு 3 மீட்டர் தேவைப்படுகிறது. 4 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள புதுவகை ஹோஸ் என்றால் இதைவிடக் குறைந்த நீளமே போதும். விட்டம் சற்றுக் குறைந்தாலும் உராய்வு பல மடங்கு கூடும் என்பதால் ஹோஸ் வாங்கும்போது உள்விட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். குழாய் பீப்பாயைவிட உயரத்தில் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் ஒன்றரை பிஎஸ்ஐ அந்த ஏற்றத்திலேயே செலவாகும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நீளம் சரியா என்பதைக் கடிகாரத்தை வைத்தே சொல்லிவிடலாம். குழாயை முழுதாகத் திறந்தால் அரை லிட்டர் கோப்பை எட்டு விநாடி அளவில் நிரம்ப வேண்டும். நான்கு விநாடியில் நிரம்பினால் ஹோஸ் குட்டை. சிறிது கூடுதல் நீளத்தில் வாங்கிப் போட்டு, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைப்பது நல்லது. வெட்டியதை ஒட்ட முடியாது. ஹோஸ் எங்காவது மடிந்து நசுங்கியிருந்தால் அந்த இடத்தைத் தாண்டியதும் பீர் சுழித்து நுரைக்கும். அதைப் பெரிய வளையங்களாகச் சுருட்டிப் பீப்பாயின் மேல் வைப்பதே முறை.

முதல் கோப்பை மட்டும் பொங்கினால்

முதல் கோப்பை நுரை, இரண்டாவது சரி, அரை மணி நேரம் கழித்து மறுபடி முதல் கோப்பை நுரை. இது மிகப் பரவலான புகார், காரணமும் ஒன்றே. 3 மீட்டர் ஹோஸுக்குள் எப்போதும் சுமார் 54 மில்லிலிட்டர் பீர் நிற்கும். அதில் ஒரு பகுதி ஃப்ரிட்ஜுக்கு மேலே, தூணுக்குள் இருக்கிறது. அறையின் வெப்பம் 32 டிகிரி என்றால் சற்று நேரத்தில் அந்தப் பீரும் உலோகக் குழாயும் அதே சூட்டுக்கு வந்துவிடும். திறந்ததும் சூடான பீர் முன்னால் நுரைத்து வர, பின்னால் வரும் குளிர்ந்த பீர் அந்த நுரையில் மோதி இன்னும் நுரைக்கும்.

தீர்வு, தூணைக் குளிர வைப்பது. ஃப்ரிட்ஜுக்குள் ஓடும் சிறு விசிறியிலிருந்து ஒரு குழலைத் தூணுக்குள் ஏற்றிக் குளிர்காற்றை மேலே தள்ளினால் போதும். தூணுக்குள் வெப்பக்காப்பு நுரைப்பஞ்சைச் சுற்றலாம். ஆனால் இந்தக் கடற்கரையின் ஈரக்காற்றில் ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த தூணின் வெளிப்புறம் வியர்க்கும். அந்த நீர் பஞ்சுக்குள் இறங்கினால் அது காப்பாக வேலை செய்யாது. நீர் புகாத, மூடிய துளைகள் உள்ள ரப்பர் காப்பையே பயன்படுத்த வேண்டும். ஏசி குழாய்களில் சுற்றும் கறுப்பு ரப்பர் அதற்கு ஏற்றது.

குழாயின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். பழைய வகைக் குழாய்களில் அடைப்பு பின்புறம் இருப்பதால், மூடியபின் முன்பகுதியில் மிஞ்சும் பீர் காய்ந்து பிசுபிசுக்கும். அடுத்த முறை அந்தப் பிசினில் பட்டுப் பீர் சிதறும். முன்புறமே அடைக்கும் வகையில் இது நடக்காது.

பீப்பாய்க்குள்

காரில் குலுங்கி வந்த பீப்பாயை இறக்கியதும் திறக்கக் கூடாது. ஒரு நாள் குளிரில் அசையாமல் இருந்தால் வாயு மறுபடி பீரில் ஒடுங்கும். அடியில் வண்டலும் படியும்.

வெப்பம், அழுத்தம், ஹோஸ் மூன்றும் சரியாக இருந்தும் விடாமல் நுரை வந்தால், ஹோஸ் பீப்பாயில் சேரும் இடத்தை ஒரு டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். அங்கேயே சின்னச் சின்னக் குமிழ்கள் ஓடினால் கோளாறு பீப்பாயில்தான். பீர் ஏறும் எஃகுக் குழலின் தலையில் ஒரு சிறு ஓ-ரிங் வாஷர் இருக்கும். அது வெடித்தோ இடம் மாறியோ போனால், மேலே இருக்கும் வாயு அந்த இடுக்கில் நுழைந்து பீரோடு கலந்தே வரும். சில ரூபாய் மதிப்புள்ள வாஷர்தான். மாற்றும்வரை என்ன செய்தாலும் நுரை நிற்காது. மாறாக, பீப்பாயருகே பீர் தெளிவாக இருந்து குழாயை நெருங்கும்போது குமிழ் தோன்றினால் அது வழியில் ஏறிய சூடு.

ஹாப்ஸ் பூத் துணுக்கோ பழத் துண்டோ குழலின் அடியில் சிக்கினாலும் பீர் பிதுங்கி நுரைக்கும். கடைசி ஒரு லிட்டரில் குழாய் துப்புவது கோளாறல்ல. பீப்பாய் காலியாகிறது என்று பொருள்.

சுத்தம்

பயன்பாட்டில் இருக்கும் ஹோஸின் உட்சுவரில் மூன்று வகை அழுக்கு சேரும்: ஈஸ்ட்டும் புரதமும் கலந்த படலம், அதில் குடியேறும் புளிப்புப் பாக்டீரியா, பீர்க்கல் எனப்படும் கால்சியம் ஆக்சலேட் படிவு. மூன்றுமே சொரசொரப்பானவை, குமிழ் பிறக்க வசதியானவை. பீரில் புளிப்போ வெண்ணெய் வாடையோ தட்டினால் காரணம் இதுவே.

அமெரிக்கப் பீர் தயாரிப்பாளர் சங்கத்தின் கையேடு சொல்வது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரத்தன்மையுள்ள சுத்தகரிப்புக் கரைசலை வெதுவெதுப்பாக 15 நிமிடம் ஹோஸில் சுற்றவிட வேண்டும் என்பது. பீர்க்கல் காரத்தில் கரையாது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல் தேவை. இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது; கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் போடாமல் தொடக் கூடாது. கடைசியில் நல்ல நீரால் அலச வேண்டும். மரக்காணம் போன்ற உப்பளப் பகுதியின் நிலத்தடி நீர் உவர்ப்பும் கடினமும் உள்ளது. அதில் கரைசல் தயாரித்தால் சுத்தம் செய்யும்போதே புதுப் படிவு உண்டாகும். கேன் தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. ஹோஸை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

கோப்பையும் உப்பும்

எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொல்லும். தூசியும் கீறலும் நுரையைப் பெருக்கும். மீன் வறுவல் தொட்ட கையும், தேங்காய் எண்ணெய் தடவிய கையும், அலசாத பாத்திரச் சோப்பும் கோப்பையைக் கெடுத்துவிடும். கோப்பை சுத்தமா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. அதற்குத் தேவை தூள் உப்பு. கழுவிய கோப்பையை நீரில் முக்கி எடுத்து, ஈரமாக இருக்கும்போதே உட்புறம் முழுதும் உப்பைத் தூவ வேண்டும். சுத்தமான கண்ணாடியில் உப்பு எங்கும் ஒரே சீராக ஒட்டும். பிசுக்குள்ள இடத்தில் ஒட்டாமல் வழுக்கை வழுக்கையாகத் தெரியும். சோதித்தபின் நன்றாக அலச வேண்டும். ஓர் உப்புக்கல் மிஞ்சினாலும் அதன் முனைகளைப் பற்றிக் குமிழ் சீறி எழும். பீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் பொங்கி வழிவது இதனால்தான்.

ஃப்ரீசரில் உறைந்த கோப்பை வேண்டாம். அதன் சுவரில் படிந்த பனித்துகள்களும் குமிழுக்கு இடம் கொடுக்கும். குளிர்ந்த நீரில் அலசிய ஈரக் கோப்பையே சரியானது. அதை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, குழாயை ஒரே இழுப்பில் முழுதாகத் திறக்க வேண்டும். நுரைக்குப் பயந்து பாதி மட்டும் திறந்தால், அந்தக் குறுகிய இடுக்கில் பீர் சிதறி இன்னும் நுரைக்கும். பாதி நிரம்பியதும் கோப்பையை நிமிர்த்த வேண்டும். குழாயின் மூக்கு பீரைத் தொடக் கூடாது.

உப்புக்காற்றும் சிலிண்டரும்

உப்பு விளையத் தேவையான வெயிலும் காற்றும் இந்த அமைப்புக்குப் பகை. குரோம் பூசிய பித்தளைக் குழாய் கடற்காற்றில் பூச்சு உரிந்து உள்ளே சொரசொரப்பாகும். ரெகுலேட்டரின் ஸ்பிரிங் துருப்பிடித்தால் அழுத்தம் தானாக ஏறி இறங்கும். 304 வகை எஃகிலும் உப்பு புள்ளிபுள்ளியாக அரிக்கும். 316 வகை அதைவிடத் தாங்கும். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கும். 3 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 38 பார். 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே இருக்க முடியாது. அழுத்தம் மேலும் ஏறும். மரக்காணத்து மே மாதத்தில் வெளியே நிற்கும் சிலிண்டரின் முள் மதியம் ஏறுவதும் இரவில் இறங்குவதும் அதனால்தான். அந்த முள்ளை வைத்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சொல்ல முடியாது. சிலிண்டரை எடை போட்டு, அதன் உடலில் பொறித்த காலி எடையைக் கழிப்பதே வழி. வெயிலில் வைக்கக் கூடாது. நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும். உணவுத் தர வாயுவையே நிரப்ப வேண்டும். ஒரு கிலோ திரவம் 500 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, மூடிய ஏசி அறையில் கசிந்தால் மூச்சுத் திணற வைக்கும். ஜன்னல் உள்ள அறையே ஏற்றது.

கடற்கரை விருந்துகளில் ஃப்ரிட்ஜுக்குப் பதிலாக, ஐஸ் பெட்டிக்குள் நீண்ட எஃகுச் சுருளை வைத்து அதன் வழியே பீரை ஓடவிடுவார்கள். சுருள் நீளமாக இருப்பதால் இதற்கு 11 பிஎஸ்ஐ போதாது. பெரும்பாலும் அதன் இருமடங்குக்கு மேல் தேவைப்படும். குல்ஃபிக்காரர் செய்வதுபோல ஐஸில் உப்பைக் கொட்டிக் குளிரைக் கூட்டலாம் என்று தோன்றும். அது கூடாது. உப்பு கலந்த ஐஸ் பூஜ்யத்துக்கு 21 டிகிரி கீழேவரை போகக்கூடியது. சாதாரண பீர் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழேயே உறையத் தொடங்கும். சுருளுக்குள் பனித்துகள் கட்டினால் வழி அடைபடும், அல்லது நுரை மட்டுமே வரும். ஐஸும் நீரும் கலந்து சுருளை மூடி நின்றாலே போதிய குளிர் கிடைக்கும்.

அறிகுறியும் காரணமும்

முதல் கோப்பை மட்டும் நுரை: தூணும் குழாயும் சூடு. விசிறி வைக்க வேண்டும்.

எல்லாக் கோப்பையும் நுரை, பீர் வேகமாகப் பாய்கிறது: ஹோஸ் குட்டை, அல்லது அழுத்தம் அதிகம்.

எல்லாக் கோப்பையும் நுரை, பீர் மெதுவாக வருகிறது: அழுத்தம் குறைவு, ஹோஸ் மடிப்பு, அல்லது குழலில் அடைப்பு.

விட்டுவிட்டுத் துப்புகிறது: ஹோஸில் வாயுப் பொதி, ஓ-ரிங் கோளாறு, அல்லது பீப்பாய் காலி.

நுரை பெரிய குமிழாக எழுந்து உடனே அமுங்குகிறது: கோப்பையில் பிசுக்கு.

நுரையோடு புளிப்பு வாடை: ஹோஸும் குழாயும் அழுக்கு.

நேற்றுவரை சரி, இன்று திடீரென நுரை: மின்வெட்டு, திறந்து கிடந்த கதவு, புதிதாக மாற்றிய பீப்பாய் ஆகிய மூன்றில் ஒன்று. ரெகுலேட்டரைத் தொடாமல் ஒரு நாள் குளிரவிட்டுப் பார்க்க வேண்டும்.